டேலியாவுக்கு மேடு கட்டினால் போதுமா? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழில் பேச்சுவாக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன்: "மலைப்பக்கம் இருப்பவர்கள் டேலியாவைத் தரையில் வைக்காதீர்கள், சின்னதாக ஒரு மேட்டுப்பாத்தி கட்டி அதில் வையுங்கள்" என்று. எப்படிக் கட்டுவது, உள்ளே எதைப் போடுவது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதன் பலனாக வந்த கடிதங்களில் பாதி, கிழங்கு அழுகிப்போன கதை. மீதிப் பாதியில் செடி வந்திருக்கிறது, பூ வரவில்லை. ஆகவே இந்த மாதம் ரோஜாவும் கறிவேப்பிலையும் காத்திருக்கட்டும், முழுக்க டேலியாதான்.

அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்து எட்டு அடிக்கு மூன்று அடி அளவில் சில்வர் ஓக் பலகையால் பாத்தி அடித்தேன். பலகை இற்றுப்போகக் கூடாதென்று உள்பக்கம் முழுவதும் தார்ப்பாய் விரித்தேன். கோகோபீட்டும் (தேங்காய் நார்த்தூள்) சாணி எருவும் பாதிக்குப் பாதி கலந்து நிரப்பினேன். ஆறு கிழங்கு வைத்து தினமும் தண்ணீர் ஊற்றினேன். மூன்று வாரம் ஆகியும் முளை வராததால் தோண்டிப் பார்த்தால் ஆறும் கூழாகிக் கிடக்கிறது. என்ன தப்பு செய்தேன்? – குன்னூர் வாசகி

பாத்தியின் அளவு சரி, கிழங்கின் எண்ணிக்கையும் சரி, மற்றதெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் தப்பு. வருத்தப்படாதீர்கள், இதே தார்ப்பாய் வேலையை நானும் செய்திருக்கிறேன். என் முதல் பாத்திக்கு நான் விரித்தது பழைய பாலித்தீன் ஷீட். பக்கத்துக்கு மட்டும் விரித்திருந்தால் பரவாயில்லை, 'ஒரே துண்டாக இருக்கிறதே, எதற்கு வெட்டுவானேன்' என்று அடியிலும் சேர்த்தே விரித்துவிட்டேன். ஜூன் மழை பிடித்த பத்தாவது நாள் கையை உள்ளே விட்டால் முழங்கை வரை சேறு. நான் கட்டியது பாத்தி இல்லை, தொட்டி. அதில் தாமரை வைத்திருந்தால் வந்திருக்கும்.

டேலியாவுக்கு மேடு கட்டச் சொல்வது ஒரே காரணத்துக்காகத்தான், தண்ணீர் வடிய வேண்டும். கிழங்கு என்பதே செடி தனக்காகச் சேர்த்து வைத்த சாப்பாடும் தண்ணீரும். முளை வந்து புது வேர் விடும்வரை அதற்கு வெளியிலிருந்து தண்ணீர் அவசியமில்லை, ஊற்றினாலும் குடிக்க அதனிடம் வேர் இல்லை. குடிக்காத தண்ணீர் கிழங்கைச் சுற்றி நிற்கும், மண்ணுக்குள் காற்று போகாது, பூஞ்சணம் பிடிக்கும், மூன்று வாரத்தில் கூழ். ஆகவே நட்டபோது மண் தொட்டால் ஈரமாக, பிழிந்தால் சொட்டாமல் இருந்தால் போதும். அதன்பிறகு முளை தலைகாட்டும்வரை குழாய்ப் பக்கமே போகாதீர்கள். பார்க்கும்போதெல்லாம் கை பரபரக்கும், தெரியும். பக்கத்தில் இருக்கும் ஜெரேனியத்துக்கு ஊற்றிவிட்டு வந்துவிடுங்கள்.

இனி கலவை. கோகோபீட் சமவெளியில் மொட்டைமாடி வைத்திருப்பவர்களுக்கு வரப்பிரசாதம், ஏனென்றால் தன் எடையைப்போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதே குணம் குன்னூர் மழையில் வினை. நம் மலைப்பக்கம் எங்கள் கலவை இதுதான்: தோட்டத்துச் செம்மண் இரண்டு பங்கு, நன்றாக மக்கிய எரு ஒரு பங்கு, மக்கிய இலைச்சருகும் பருமணலும் சேர்த்து ஒரு பங்கு. எரு மக்கியிருக்கிறதா என்று பார்க்க மூக்கே போதும், சாணி வாசம் போய் மழை பெய்த மண் வாசம் வர வேண்டும். பாதி மக்கியதைப் பாதிப் பங்கு போட்டால் அது பாத்திக்குள்ளேயே சூடேறி மக்கும், கிழங்கும் சேர்ந்து வேகும்.

தேயிலை நன்றாக வரும் மண் என்றால் அது புளிப்பு மண் என்று அர்த்தம். டேலியாவுக்கு அவ்வளவு புளிப்பு ஆகாது, புளிப்பைக் காட்டும் அளவான பிஎச் 6.5 பக்கம் இருந்தால் சந்தோஷமாக இருக்கும். நடுவதற்கு மூன்று நான்கு வாரம் முன்பே டோலமைட்டோ விவசாயச் சுண்ணாம்போ தூவிக் கொத்திவிடுங்கள். விறகடுப்பு இருப்பவர்கள் சாம்பலை ஒரு கைப்பிடி அங்கங்கே தூவலாம், அதில் சாம்பல் சத்தும் (பொட்டாஷ்) கிடைக்கும். சுண்ணாம்பையும் புது எருவையும் ஒரே நாளில் கலக்காதீர்கள், எருவிலிருக்கும் தழைச்சத்து (நைட்ரஜன்) காற்றில் போய்விடும்.

எவ்வளவு மண் வேண்டும் என்பதுதான் எல்லாரும் ஏமாறும் இடம். உங்கள் பாத்தி ஒரு அடி உயரம் என்றால் 24 கன அடி, அதாவது கிட்டத்தட்ட 680 லிட்டர். ஒரு சிமென்ட் சாக்கு ஒன்றேகால் கன அடி பிடிக்கும், அப்படியானால் 19 சாக்கு. கடையில் பாக்கெட் மண் வாங்கிக் கட்டுப்படியாகாது. அதனால் பலகைக்குள் இருக்கும் தரையையே ஒரு மண்வெட்டி ஆழம் கொத்தி விட்டுவிட்டு, மேலே எட்டு அங்குலம் மட்டும் மேடு ஏற்றினால் போதும். அடிமண்ணும் இளகி இருக்கும், வேர் இறங்கும், செலவும் குறையும்.

கட்டி முடித்ததும் ஒரு சோதனை. பாத்தியில் ஒரு அடிக் குழி தோண்டி ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றி வடிய விடுங்கள். மறுபடி ஊற்றுங்கள். காலையில் ஊற்றிய இரண்டாம் பக்கெட் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இன்னும் நிற்கிறது என்றால் அங்கே டேலியா வைக்காதீர்கள், அடியை மறுபடி கொத்துங்கள்.

பழைய ரயில்வே ஸ்லீப்பர் கட்டைகள் கிடைக்கின்றன, மலிவு. வீட்டில் உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் தகடும் இருக்கிறது. பாத்தி கட்ட எது நல்லது? – கூடலூர்

இரண்டும் வேண்டாம். ஸ்லீப்பர் கட்டையில் கிரியோசோட் என்ற தார் எண்ணெய் ஏற்றியிருப்பார்கள், வெயிலில் கசியும், கையில் பட்டால் எரியும். ஆஸ்பெஸ்டாஸை உடைக்கும்போது பறக்கும் தூசி நுரையீரலுக்குக் கேடு. பலகைக்குப் பழைய என்ஜின் ஆயில் பூசுகிற வழக்கமும் நம் ஊரில் உண்டு. மரத்துக்கு நல்லது, மண்புழுவுக்கு ஆகாது.

என் சில்வர் ஓக் பலகைகள் மூன்றாவது மழையில் இற்றுப்போயின. கற்பூர மரப் (யூகலிப்டஸ்) பலகை இன்னும் கொஞ்சம் தாங்கியது, ஆனால் முறுக்கிக்கொண்டு ஆணியைப் பிடுங்கிவிட்டது. இப்போது நான்கு அங்குல ஹாலோ பிளாக்கைச் சிமென்ட் பூசாமல் ஒரே வரிசை சும்மா அடுக்கியிருக்கிறேன். எட்டுக்கு மூன்று பாத்திக்கு 18 கல் போதும். வேண்டாமென்றால் கலைத்து வேறு இடத்தில் அடுக்கலாம், ஒன்றும் இற்றுப்போகாது. சிமென்டிலிருந்து கொஞ்சம் சுண்ணாம்பு கசிந்தால்கூட நம் புளிப்பு மண்ணுக்கு நல்லதுதான்.

சரிவில் வீடு இருப்பவர்கள் ஒன்றை மட்டும் கவனியுங்கள். பாத்தியைச் சரிவுக்குக் குறுக்கே நீளமாக வைக்கலாம், ஆனால் மேலிருந்து வரும் மழைத்தண்ணீர் சுற்றிப் போக ஒரு சின்ன வாய்க்கால் வெட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு ராத்திரி மழையில் பாத்தி கீழ்வீட்டு வாசலில் கிடக்கும், அப்புறம் பேச்சுவார்த்தை நின்றுவிடும்.

அம்மா, செடி ஐந்தடி உயரம், இலை கரும்பச்சை, பார்ப்பவர்கள் எல்லாம் பாராட்டுகிறார்கள். பூ மட்டும் இரண்டே இரண்டு. தாவரவியல் பூங்காவில் மட்டும் எப்படிச் செடிக்கு எட்டுப் பத்துப் பூ? – உதகை, காந்தல்

பாராட்டுகிறவர்கள் கீரையைப் பாராட்டுகிறார்கள். தழைச்சத்து அதிகமாகிவிட்டது. மாதாமாதம் சாணிக் கரைசலோ யூரியாவோ ஊற்றுகிறீர்கள் என்று நினைக்கிறேன். நட்டு ஆறு வாரத்துக்குப் பிறகு தழைச்சத்தை நிறுத்திவிட்டுச் சாம்பல் சத்து அதிகமுள்ள உரத்துக்கு மாறுங்கள், தக்காளிக்குக் காய்க்கும் நேரத்தில் என்ன போடுவீர்களோ அதுவே போதும்.

இன்னொன்று, நீங்கள் நுனி கிள்ளியிருக்க மாட்டீர்கள். செடி ஒரு அடி வளர்ந்து மூன்று நான்கு ஜோடி இலை விட்டதும் நடுநுனியைக் கிள்ளி எறிய வேண்டும். இதைச் சொன்னால் பலபேர் கண்ணில் தண்ணீர் வருகிறது, குழந்தையின் கழுத்தைத் திருகச் சொன்னதுபோலப் பார்க்கிறார்கள். கிள்ளினால்தான் ஒவ்வொரு இலைக் கணுவிலிருந்தும் கிளை வரும், கிளைக்குக் கிளை பூ வரும். கிள்ளாத செடி ஒற்றைக் கொம்பாக ஆளுயரம் போய் உச்சியில் ஒன்று பூத்துவிட்டு, காற்றடித்ததும் முறிந்து விழும்.

பூங்காவில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் தொட்டிச் செடி, மே மாத மலர்க் காட்சிக்கு மாடத்தில் அடுக்குவதற்காகவே நாள் கணக்குப் பார்த்து வளர்ப்பது. கிழங்கு நட்டதிலிருந்து முதல் பூவுக்கு எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். அந்தக் கணக்கில் மேயில் பூ வேண்டுமென்றால் பிப்ரவரியிலேயே கிழங்கு மண்ணுக்குள் இருக்க வேண்டும். ஆனால் காந்தலில் பிப்ரவரியில் உறைபனி விழும், அதனால் நீங்கள் பாத்தியில் நேரடியாக வைக்காமல் தொட்டியில் வைத்து, ராத்திரியில் தாழ்வாரத்தில் எடுத்து வைத்து, மார்ச்சில் பாத்திக்கு மாற்றுங்கள்.

பெரிய பூ வேண்டும் என்றால் ஒவ்வொரு கிளையின் உச்சியிலும் மூன்று மொட்டு சேர்ந்து வரும், நடுவில் இருப்பதை விட்டுவிட்டு இரு பக்கத்தையும் பட்டாணி அளவிலேயே கிள்ளிவிடுங்கள். நிறையப் பூ போதும், அளவு முக்கியமில்லை என்றால் கிள்ள வேண்டாம். நான் பாதிச் செடியில் கிள்ளுவேன், பாதியை விட்டுவிடுவேன்.

வாடிய பூவை உடனே வெட்டுவதும் முக்கியம். விதை பிடிக்க ஆரம்பித்ததும் செடி புது மொட்டைக் குறைத்துக்கொள்ளும். இங்கேதான் புதியவர்கள் குழம்பி மொட்டையும் வெட்டிவிடுகிறார்கள். புது மொட்டு உருண்டையாக, தட்டையாக, கெட்டியாக இருக்கும், சட்டைப் பொத்தான் மாதிரி. இதழ் உதிர்ந்த பழைய தலை கூம்பாக முனை நீண்டிருக்கும், அழுத்தினால் மெத்தென்று ஈரம் வரும்.

கடைசியாக, வெயில். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் விழ வேண்டும். மேற்கே சைப்ரஸ் வேலி வைத்துக்கொண்டு டேலியா பூக்கவில்லை என்றால் நான் ஒன்றும் செய்ய முடியாது.

தளிர் வந்தது, மறுநாள் காலையில் குச்சி மட்டும் நிற்கிறது. பாத்தியைச் சுற்றி உப்புக் கொட்டலாமா? – கோத்தகிரி

கொட்டாதீர்கள், உப்பு மழையில் கரைந்து பாத்திக்குள்தான் போகும். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள், நத்தையும் ஓடில்லாத நத்தையும் மேய்ந்துகொண்டிருக்கும். மேட்டுப்பாத்தி கட்டினால் அவற்றுக்கு ஏற முடியாது என்று யாரோ உங்களுக்குச் சொல்லியிருக்கலாம். நன்றாக ஏறும். ஹாலோ பிளாக் பாத்தி என்றால் அந்தக் கல்லின் ஓட்டைகள்தான் அவை பகலில் குடியிருக்கும் வீடு. ஓட்டைகளில் மண் நிரப்பி மூடிவிடுங்கள், அதில் துலுக்கச் சாமந்தியோ புதினாவோ வைக்கலாம் (புதினா ஓட்டைக்குள் அடங்கியிருக்காது, அது வேறு பஞ்சாயத்து). சாயங்காலம் ஈரச் சாக்கைப் பாத்தியோரம் போட்டு வையுங்கள், காலையில் தூக்கினால் அடியில் எல்லாரும் இருப்பார்கள். பொறுக்கி அப்புறப்படுத்துங்கள். செடி ஒரு அடியைத் தாண்டிவிட்டால் அப்புறம் இந்தத் தொல்லையால் பெரிதாக ஒன்றும் ஆகாது.

எங்கள் வீட்டில் நத்தை பிரச்சினை இல்லை. முள்ளம்பன்றி! பாத்தியைத் தோண்டிக் கிழங்கைத் தின்றுவிட்டுப் போகிறது. போன வாரம் காட்டுமாடு வந்து பாத்தியின் நடுவில் நின்றது. – கோத்தகிரி, இன்னொரு வாசகர்

முள்ளம்பன்றிக்கும் காட்டுப்பன்றிக்கும் கிழங்கு என்றால் உயிர். அடியிலிருந்து வருவதைத் தடுக்க, பாத்தி நிரப்பும் முன்பே தரையில் கோழி வலையைவிடக் கெட்டியான வெல்டு மெஷ் விரித்து விளிம்பைக் கல்லுக்கு அடியில் மடக்கிவிடலாம், எலியும் தடுக்கப்படும், தண்ணீரும் வடியும். மேலிருந்து வருவதற்கு, நட்டதும் அதே மெஷ்ஷை மண்மேல் படுக்க வைத்து நான்கு மூலையிலும் கல் வையுங்கள், முளை கண் வழியே மேலே வரும். தண்டு தடிக்கும் முன் வெட்டி எடுத்துவிட மறக்காதீர்கள்.

காட்டுமாடு விஷயத்தில் என்னிடம் யோசனை இல்லை. ஒரு டன் எடை கொண்ட ஒன்று உங்கள் பாத்தியில் நிற்க முடிவு செய்தால் அது நிற்கும், நீங்கள் ஜன்னலுக்குப் பின்னால் இருந்து பாருங்கள். வீட்டு மின்சாரத்தை வேலிக் கம்பியில் பாய்ச்சலாமா என்று அடுத்த கடிதத்தில் கேட்காதீர்கள். அது குற்றம், ஆபத்தும்கூட.

மேடம், கோயம்புத்தூர் மொட்டைமாடியில் இதே எட்டுக்கு மூன்று பாத்தி கட்டலாமா? ஊட்டியிலிருந்து கிழங்கு வாங்கி வந்திருக்கிறேன். – கோவை

முதலில் எடை. 24 கன அடி மண் நனைந்தால் ஒரு டன்னுக்கு மேல் வரும். மேலே எழுதிய காட்டுமாட்டை வருஷம் முழுக்க மாடியில் கட்டிப்போடுவதுபோல. கட்டடம் கட்டிய பொறியாளரைக் கேட்காமல் செய்யாதீர்கள். ஒரு அடி ஆழப் பையில் ஒரு செடி என்று தனித்தனியாக வைத்து, சுவரோரமாகப் பரப்பி வைப்பதுதான் நல்லது.

அடுத்தது காலம். ஊட்டி உங்களைவிட ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே பிப்ரவரி–மார்ச்சில் நடுவதை நீங்கள் அப்படியே செய்தால் ஏப்ரல் வெயிலில் செடி சுருண்டுவிடும். சமவெளியில் செப்டம்பர் கடைசி அல்லது அக்டோபரில் வைத்து டிசம்பர், ஜனவரி, பிப்ரவரியில் பூப்பதைப் பார்த்துவிட வேண்டும். பனிமாதம் தாண்டினால் ஆட்டம் முடிந்தது. அதற்குச் சாப்பாட்டுத் தட்டு அளவு பூக்கும் பெரிய ரகத்தைவிட, விதையிலிருந்து வரும் குட்டை ரகம்தான் சுலபம். ஒரு அடி, ஒன்றரை அடிதான் வளரும், முட்டுக்கோல்கூட வேண்டாம். விதை என்பதால் பாக்கெட்டில் போட்ட படத்தின் நிறமே வரும் என்று நம்பாதீர்கள். டேலியாவின் ஒவ்வொரு உயிரணுவிலும் குரோமோசோம் எட்டுத் தொகுதியாக இருக்கிறது, சாதாரணமாக இரண்டுதான். அதனால் ஒரே பூவின் விதைகளை விதைத்தால் பத்தும் பத்து விதமாக வரும். எனக்கு அது பிடிக்கும், சிலருக்குக் கோபம் வருகிறது.

வாங்கி வந்த கிழங்கைச் செப்டம்பர் வரை காய்ந்த மணலில் புதைத்துக் குளிர்ச்சியான இருட்டு மூலையில் வையுங்கள். ஃபிரிட்ஜுக்குள் பழம் இருக்கும் தட்டில் வைக்காதீர்கள்.

அக்கா, நான் டொராண்டோ பக்கம் ஸ்கார்பரோவில் இருக்கிறேன், அம்மா வீடு நுவரெலியா. அங்கே அம்மா கிழங்கைத் தோண்டியதே இல்லை, வருஷா வருஷம் தானே முளைக்கும். இங்கே நானும் பலகையில் பாத்தி கட்டி, மேலே வைக்கோல் போட்டு மூடி விட்டேன். வசந்தத்தில் ஒன்றும் வரவில்லை. – ஒரு தங்கை

அம்மா சொன்னது நுவரெலியாவுக்குச் சரி, ஊட்டிக்கும் சரி. இங்கே உறைபனி விழுந்து செடி கறுத்துப்போகும், தலைக்குந்தா பக்கம் புல்வெளியே வெள்ளையாகக் கிடக்கும், ஆனால் பனி மேலோடு சரி. நான்கு அங்குலத்துக்குக் கீழே மண் உறையாது. உங்கள் ஊரில் மண்ணே உறைந்து கல்லாகிவிடும். கிழங்கு முழுக்கத் தண்ணீர், உறைந்தால் உள்ளே உடைந்துவிடும், இளகும்போது கூழ். அதிலும் மேட்டுப்பாத்திக்கு மேலே மட்டுமில்லை, நான்கு பக்கமும் குளிர்காற்று படுகிறது, அதனால் பக்கத்துத் தரையைவிட முன்னாலேயே உறையும். நீங்கள் மேலே மட்டும் போர்த்திவிட்டீர்கள், பக்கம் திறந்து கிடந்தது.

இலையுதிர் காலத்தில் முதல் உறைபனியில் செடி கறுத்ததும் தண்டை அரை அடி விட்டு வெட்டி, ஒரு வாரம் கழித்து முள்வாரியால் தள்ளி நின்று நெம்பி எடுங்கள். தண்டைப் பிடித்து இழுத்தால் கழுத்து முறியும், கழுத்து முறிந்த கிழங்கு முளைக்காது. மண்ணைக் கழுவி ஒரு நாள் நிழலில் உலர்த்தி, மரத்தூளிலோ வெர்மிகுலைட்டிலோ புதைத்து அட்டைப்பெட்டியில் வையுங்கள். வெப்பம் 4 முதல் 10 டிகிரிக்குள் இருக்க வேண்டும். கராஜ் உறையும், ஹீட்டர் பக்கம் காய்ந்து வற்றல் ஆகும், பேஸ்மென்ட்டில் வெளிச்சுவரோரம்தான் இடம். மாதம் ஒருமுறை எட்டிப் பாருங்கள். சுருங்கினால் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள், அழுகினால் அதை மட்டும் எடுத்து எறியுங்கள். மறுபடி நடுவதற்கு மே பிற்பாதியில் வரும் விக்டோரியா தின விடுமுறையை நாளாக வைத்துக்கொள்ளலாம், அதற்கு முன்னால் அவசரப்படாதீர்கள்.

இலையில் நரம்போரம் மட்டும் வெளிர் மஞ்சள், செடி குட்டையாகவே நிற்கிறது. மருந்து சொல்லுங்கள். – ஏற்காடு

இலை முழுவதும் சீராக மஞ்சள் என்றால் உரக்குறை என்று நினைத்திருப்பேன். நரம்பையொட்டித் தீட்டினதுபோல மஞ்சள், இலை சுருக்கம், செடி குட்டை மூன்றும் சேர்ந்து வந்தால் அது தேமல் வைரஸ். மருந்து கிடையாது. அசுவினிப் பூச்சி ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும், நீங்கள் பூ வெட்டும் கத்திரிக்கோலும் கொண்டுபோகலாம், கிழங்கு வழியாக அடுத்த வருஷத்துக்கும் வரும். வேரோடு பிடுங்கிக் கிழங்கையும் சேர்த்து எரியுங்கள், எரு குழியில் போடாதீர்கள். கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு அடுத்த செடியைத் தொடுங்கள். அந்தக் கிழங்கைப் பக்கத்து வீட்டுக்கு அன்பளிப்பாகக் கொடுக்க வேண்டாம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் எனக்கு ஒருவர் அப்படித்தான் கொடுத்தார்.

என் பேத்தி கேட்கிறாள்: டேலியா என்று ஏன் பெயர்? கிழங்கைச் சாப்பிடலாமா? நீல டேலியா உண்டா? – குன்னூர், ஒரு தாத்தா

பேத்திக்கு: செடியின் ஊர் மெக்சிகோ. அங்கிருந்து 1789இல் மாட்ரிட் அரச தோட்டத்துக்கு வந்தது. கவனில்லெஸ் என்ற தாவரவியலார் 1791இல் அதற்குப் பெயர் வைத்தார், ஆண்டர்ஸ் டால் என்ற சுவீடன் தாவரவியலாரின் நினைவாக. அந்த டால் 1789இலேயே இறந்துவிட்டார், தன் பேரில் இருக்கும் பூவை அவர் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை. மெக்சிகோ 1963இல் இதைத் தன் தேசிய மலராக அறிவித்தது.

கிழங்கை அந்த ஊர்ப் பழங்குடிகள் சாப்பிட்டிருக்கிறார்கள். அதில் இன்யுலின் என்ற மாவுப்பொருள் உண்டு, சர்க்கரைக்குப் போடும் இன்சுலின் இல்லை, பெயர் மட்டும் பக்கம். நம்மால் அது எளிதில் செரிக்காது, வயிறு ஊதும். கடையில் வாங்கிய கிழங்கில் பூஞ்சண மருந்து தடவியிருக்கும், ஆகவே வேண்டாம். வீட்டில் நாய் இருந்தால் அதையும் செடியை மெல்ல விடாதீர்கள், ஒத்துக்கொள்ளாது. நீலம் மட்டும் இல்லை. நீலம் என்று விற்கிற எல்லாம் பூத்தால் ஊதா.

கடைசியாக ஒன்று. முட்டுக்கோல் வைத்தேன், ஜூலைக் காற்றில் கோலோடு செடி சாய்ந்துவிட்டது. – உதகை

மேட்டுப்பாத்தி மண் பொலபொலவென்று இருக்கும், அது கோலைப் பிடிக்காது. ஆறடி இரும்புக் கம்பியோ கெட்டி மூங்கிலோ எடுத்து, பாத்தியைத் தாண்டி அடித்தரைக்குள் ஒரு அடியாவது இறங்கும்படி அடியுங்கள். அதையும் கிழங்கு வைப்பதற்கு முன்பே அடித்துவிட்டு, கம்பியை ஒட்டி நான்கு முதல் ஆறு அங்குல ஆழத்தில் கிழங்கை, முளைக்கண் மேலே பார்க்கும்படி படுக்க வையுங்கள். செடி வந்த பிறகு அடித்தால் கம்பி எந்தக் கிழங்கைக் குத்தியது என்று தெரியாது. கட்டுவதற்குப் பழைய பருத்திப் புடவைக் கிழிசல் போதும், எட்டு வடிவில் தளர்வாகக் கட்டுங்கள், நைலான் கயிறு தண்டை அறுக்கும். சாய்ந்த செடியை இப்போதே நிமிர்த்தாதீர்கள், முறியும். இரண்டு நாளில் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக் கட்டுங்கள்.